எட்டு நொடி

நிலநடுக்கமானியின் கேபிள் ருசியானது என்று
பன்றிகள்தான் கண்டுபிடித்தன.
பதினொரு நாள் பதிவு
தவுசாங்காவின் தாய்ப்பன்றி வயிற்றில்.

சவாயித் தீவில், எரிமலைக் குழம்பு
கறுத்து உறைந்த வெளியில்,
இடுப்பளவுக் குழி, சிமென்ட் மூடி,
உள்ளே ஒரு குடத்தின் பருமனில் கருவி.
நான் லூபெசினா. பேட்டரி மாற்றுபவள்.
ஞாயிறுதோறும் பாட்டுக்குழு கலையும்போது
இருநூறு பாதங்கள் அதில் பதியும்.
திங்களன்று அவற்றை ஒதுக்கித் தள்ளினால்தான்
பூமி பேசுவது கேட்கும்.

புதுக் கேபிளை இரும்புக் குழாயில் செருகி
மண்ணை மிதித்து மூடிய அன்றிரவே
பெருவில் ஒரு மலை அசைந்தது.
அங்கே கிளம்பிய அலை
நேரே அடியாழத்துக்கு இறங்கி
இரும்புக் கருவின் விளிம்பை உரசிக்கொண்டே வந்து
என் குழிக்குள் ஏறியது.
இருபத்து நான்கு நிமிடப் பயணம்.
கணக்குக்கு எட்டு நொடி பிந்தி.

எட்டு நொடி.
செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும் நேரம்.
அதற்குள்தான் இருக்கிறதாம்
எங்களுக்குக் கீழே மூவாயிரம் கிலோமீட்டரில்
ஒரு கண்டத்தின் அகலத்துக்கு
ஏதோ ஒன்று, சூடாக, கனமாக.
சேற்றுவயலில் இறங்கியவர்போல
அலைகள் அதில் கால் இழுத்து நடக்கின்றன.

மூழ்கிப்போன பழைய கடல்தரையாக இருக்கலாம்
என்றாள் வெலிங்டனிலிருந்து பேசிய ஃபிலிப்பா.
பூமி முழுதும் உருகிக் கிடந்த காலத்தின்
அடிக்கசடாகவும் இருக்கலாம்.
நிலா பிறந்த மோதலில் செத்த
வேறொரு கோளின் மிச்சம் என்று
அடித்துச் சொல்பவர்களும் உண்டாம்.
"எதுதான்?" என்றேன்.
"இன்னும் கொஞ்சம் அலைகள் வேண்டும்" என்று சிரித்தாள்.

வேண்டும் என்றால் என்னவென்று
காலைச் செய்தியில் தெரிந்தது.
பள்ளிக்கூடச் சுவர். நாற்பத்தொரு பேர்.
என் வாய்க்கு வராத ஓர் ஊர்ப்பெயர்.

இருட்டில் விளக்குப் பிடிப்பதைப்போல, என்று
பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.
விளக்கில் எரிவது எது என்று
யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஞாயிறு, போதகரிடம்
அந்தப் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.
மூன்றுமுறை தடுக்கி, நாலாம்முறை
முழுசாகச் சொன்னார்.
பிறகு பாதங்கள் கலைந்தன,
வழக்கத்தைவிட மெதுவாக.

திங்கள். 'இரைச்சல்' என்று குறிக்க வேண்டிய கட்டத்தில்
பேனாவை வைத்தேன், எடுத்தேன்.
வெற்றாகவே அனுப்பிவிட்டேன்.
ஃபிலிப்பா கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே தாய்ப்பன்றி
இரும்புக் குழாயை முகர்ந்துகொண்டிருக்கிறது.