இங்கே வெயில்

ஒஃபேலியா சர்மென்ட்டு செத்துப்போனாள்.
காலைத் தாள், ஏழாம் பக்கம்,
பழைய படம் ஒன்று, அடியில் இரண்டு பத்தி:
தன்பால் ஈர்ப்பாளர்களின் சின்னம்.

சின்னமாம்.
எந்தத் தேர்தலில் நின்றாள்,
யார் குத்திய முத்திரை?

எங்கள் பொருட்டு அவள் ஒரு சொல் உதிர்த்ததில்லை.
ஊர்வலம் போகையில் சன்னலைச் சாத்தினாள் என்றுகூடப் பேச்சு.
ஒரு நிருபன் கேட்டதற்கு,
எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்றழுத்தம் என்றாள்.
முதல் கணவன் போர்ட்டோ துறைமுகத்தில் கணக்கெழுதினான்,
இரண்டாமவன் அவனுக்கு மேலதிகாரி.
இரவு எட்டரைக்கு வானிலை வாசித்தாள்,
பத்தொன்பது வருடம்.

எண்பத்து மூன்று, மார்ச்.
வரைபடத்தின் தென்கோடியிலிருந்து
காந்தச் சூரியன் கழன்று விழுந்தது.
நேரலை.
தரையில் கரண்டி விழுந்தது போல ஒரு சத்தம்.
அவள் குனியவில்லை, கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை.
இடது உள்ளங்கையை விரித்து அந்த இடத்தில் வைத்து
"இங்கே வெயில்" என்றாள்.
மீதி அறிக்கை முழுக்கக் கை அங்கேயே இருந்தது,
வடக்கே மழை என்று சொன்னபோதும்.

அன்று ராத்திரியே
ஆற்றங்கரையில் எங்கள் நிலவறை மதுக்கடையில்
கதவைத் தள்ளிக்கொண்டு வந்த யாரோ
உள்ளங்கையை விரித்தான்.
பிறகு டிராமில், மீன் சந்தையில்,
ராணுவ மருத்துவமனை வரிசையில்,
வாய் கேட்க முடியாததைக் கை கேட்டது.
பதிலாக ஒரு கை விரிந்தால் விரிந்தது.
விரியாவிட்டால், சும்மா சோம்பல் முறித்தோம்.

வலது கையை அவள் காட்டியதே இல்லை.
எப்போதும் முதுகுக்குப் பின்னால்.
தீக்காயம் என்றான் வெனான்சியு.
மோதிரம், அதுவும் ஒரு பெண் போட்டது என்றான் தெயோடோரு,
சத்தியம் செய்யாத குறையாக.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு கையை ஒளித்துக்கொண்டு
நாடே பார்க்கச் சிரிப்பது எப்படி என்று
அவளைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன்,
வங்கியில், அம்மா வீட்டில், பாவசங்கீர்த்தனக் கூண்டில்.

சனிக்கிழமைகளில் நான்தான் அவள்.
சவுரி, தோளுக்குப் பஞ்சு, இரவல் முத்துமாலை.
அப்படி ஒரு சனிக்கிழமை, என் வேஷத்தின் நடுவில்,
அவள் படியிறங்கி வந்தாள், தொப்பலாக நனைந்து.
எங்களைத் தேடி அல்ல. குடை இல்லை, அவ்வளவுதான்.
அன்று அவள் வாசித்தது: தெளிவான இரவு.

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.
தூணோரம் நின்று, முடியைப் பிழிந்தபடி,
கடைசிவரை பார்த்தாள்.
"வலது கையில் ஏன் ஒன்றுமில்லை?" என்றாள் என்னிடம்.
"துண்டுச்சீட்டு இருக்க வேண்டும் அதில்.
ஊர்ப்பெயர்கள் எனக்கு நினைவில் நிற்காது."

துண்டுச்சீட்டு.

தெயோடோரு அப்போதே எலும்பும் சட்டையுமாக இருந்தான்.
சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான்.
என்ன இருந்ததாக நினைத்தீர்கள் என்று அவள் கேட்டாள்.
அவன் சொல்லவில்லை.
நாற்காலியில் கிடந்த தன் கம்பளிச் சால்வையை
அவளிடம் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள்.
திருப்பித் தரவில்லை.
கேட்பதற்கு அவனும் அதிக நாள் இல்லை.

இதைச் சொல்லி அவளைப் பெரியவளாக்கவில்லை.
வேலை பார்த்தாள், சம்பளம் வாங்கினாள்.
விழுந்ததை விட்டுவிட்டு
விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டாள், இரண்டு நிமிடம்.
மற்றதெல்லாம் நாங்கள் தைத்தது,
அவளிடம் அளவே எடுக்காமல்.

மறுநாள் அடக்கம்.
மிஞ்சியவர்கள் நாலு பேர், தூறலில், கல்லறைச் சுவரோரம்.
வெனான்சியு சக்கர நாற்காலியில்.
பெட்டி இறங்கியபோது
நாலு இடது கைகள் விரிந்தன.
அவள் மகள் திரும்பிப் பார்த்தாள்.
யாரோ தெரிந்தவர்கள் என்று நினைத்தாள் போல.
பதிலுக்குக் கையசைத்தாள்.
வலது கை.