பதினோரு சென்ரிமீற்றர்

ஹப்புத்தளையில்
பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால்
பாண் பேக்கரிக்கு மேல்மாடி.
வாடகை குறைவு. சுவர் எப்போதும் ஈரம்.
இரண்டு பலகைகளை எதிரெதிரே நிறுத்தி
நடுவில் பதினோரு சென்ரிமீற்றர்
காற்றை விட்டிருக்கிறோம்.

கம்பி இல்லை.
இந்தப் பலகையின் சில்லுகள் பேச
அந்தப் பலகையின் சில்லுகள் பார்க்கின்றன.
பதினாறு லேசர், பதினாறு கண்,
இடையில் அரிசியளவு வில்லைகள்.
நமக்குத் தெரியாத ரக ஒளி.
கைபேசிக் கேமராவை நீட்டினால் மட்டும்
ஊதாப் பொட்டுகளாக ஒரு வரிசை எரியும்.

ஏன் இந்தப் பாடு என்று
யோகமலரின் அண்ணன் கேட்டான்,
ஆட்டோ ஓட்டுகிறவன்.
அவள் ஜன்னலைத் திறந்தாள்.
மேல்கணக்கிலிருந்து கீழ்க்கணக்குக்கு எத்தனை வளைவு?
பதினேழு, என்றான், எண்ணாமலே.
கொழுந்து லொறி எதிரே வந்தால்?
ஒதுங்கி நிற்கணும்.
ராத்திரி அங்கே ஒருத்தன் டோர்ச் அடித்தால்?
அவன் கொஞ்சம் யோசித்தான்.
உடனே தெரியும்.
பத்துப் பேர் பத்துப் பக்கம் அடித்தாலும்
ஒன்றையொன்று முட்டாது.
அவ்வளவுதான், என்றாள். செம்புக் கம்பி என்பது ரோடு.

நாங்கள் கணக்கிடுவது ஒரு மலையை.
மலையைச் சதுரமாய் வெட்டி
சில்லுக்கு ஒரு துண்டு.
ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிடம்
ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது:
உன் மண்ணுக்குள் இப்போ எவ்வளவு தண்ணி?
பதில் வரும்வரை சும்மா நிற்கும்,
பெரட்டுக்களத்தில் ஒரு ஆள் குறைந்ததற்காக
முழுக்கூட்டமும் நிற்பது மாதிரி.
கூட்டலும் பெருக்கலும் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறது.
காத்திருப்பதில்தான் கணினிக்கு வயசாகிறது.
ஈரமேறிய சரிவு
யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

பகலெல்லாம் சரி.
அதிகாலை மூன்றே காலுக்குப் பிழைகள் தொடங்கும்.
ஒன்று, இரண்டு,
நாலு மணிக்குள் கோடி.
அரைப்பேர் போடு, என்றான் நிமேஷ்.
கொழுந்து எடை குறைந்தால் போடுகிற அரைப்பேர்;
அந்தச் சொல்லை அவளிடம்தான் பிடித்திருந்தான்.
அவள் சிரிக்கவில்லை.

ரயிலைச் சந்தேகித்தோம். அந்நேரத்தில் ரயில் இல்லை.
பனியைச் சந்தேகித்து
ஜன்னல் இடுக்கில் பழைய சறத்தை அடைத்தோம்.
எலியைக்கூட.
மூன்றாம் இரவு நான் செருப்பைக் கழற்றினேன்.
தரை சுட்டது.

கீழே பாஸில் நானா
போறணைக்கு விறகு வைத்திருந்தார்.
சூடு சுவரேறி, தரை தாண்டி,
மேசையின் ஒரு காலுக்குள் புகுந்து
ஒரு பலகையை மட்டும்
மயிரிழையில் கால்வாசி நகர்த்தியிருக்கிறது.
ஒளி நேராகத்தான் போனது.
கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

நியாயம் கேட்க இறங்கினோம்.
ஊருக்குப் பாண் வேணாமா, என்றார்.
அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
சுவரோரம் சாய்ந்து நின்றது
மாப் பிசைகிற பளிங்குக் கல்,
ஒரு மூலை உடைந்தது.
யோகமலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் தூக்கி, படியில் இரண்டு தரம் இறக்கி வைத்து,
மேலே சேர்த்தோம்.
இரண்டு பலகையையும் அந்த ஒரே கல்லில் பொருத்தினோம்.
சுடட்டும்.
நகர்ந்தால் சேர்ந்து நகரட்டும்.

இப்போதும் மூன்றே காலுக்குத் தரை சுடுகிறது,
பாண் வாசம் ஏறுகிறது,
நிமேஷுக்குப் பசிக்கிறது.
பிழைக் கணக்கு பூச்சியத்தில்.
நேற்று மட்டும் ஒரு விட்டில் குறுக்கே பறந்தது.
ஏழாம் கண் இமைத்தது.
கேள்வி மறுபடி கேட்கப்பட்டது,
பதில் வந்தது.

வெளியே மழை பிடித்துவிட்டது.
முப்பத்தேழாம் சதுரம்
முப்பத்தெட்டிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.
பாஸில் நானா கை நிறைய மாவோடு படியேறி வந்து
கல்லை விரலால் தட்டிப் பார்த்தார்.
நோன்புக்கு முன்னே வேணும், என்றார்.
யோகமலர் கலண்டரைப் பார்த்தாள்.
பத்தொன்பது நாள்.