பங்குதாரர்

நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம்,
மத்தியானச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு.
மூன்று மொழிக்கும் என் ஒரே நாக்கு.
மட்டக்குளியில் ஒரு சனசமூக மண்டபம்.
ஓடிய ஒற்றை மின்விசிறியும்
திரையின் பக்கமே திரும்பி நின்றது.

திரையில் வடகொழும்பு.
தேங்காய் எண்ணெய் மில், சவர்க்கார மில்,
கால்வாயோரம் தோல் பதனிட்ட கொட்டகை,
எல்லாம் ஒரே ஊதா.
ஊதா என்றால் கலப்புப் பாவனை என்றேன்.
முன்னால் மீன் விற்று, பின்னால் படுத்துறங்கி,
மேல்தட்டில் டியூசனும் நடக்கிற வீடுகளிலிருந்து
வந்திருந்தவர்கள்
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்:
இப்பவும் அதுதானே?

குறைபயன் நிலம் என்றது அடுத்த படம்.
அந்த இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் தோட்டம்.
நூற்றிநாற்பது குடும்பம், ஆறு குழாய்,
ஒரு முருங்கை.
எதை எதற்கு மொழிபெயர்ப்பது?
தண்ணீர் குடித்தேன்.

அபேகோன் நல்ல மனிதர்தான்.
துறைமுகம் பக்கம், அதிவேகப் பாதை பக்கம்,
இந்த மண் சும்மா தூங்குகிறது என்றார்.
களஞ்சியங்கள் வரும். மென்பொருள் வரும்.
கொதிகலன் இருந்த இடத்தில் கோப்பிக்கடை,
சுவரில் பழைய தொழிலாளர் படங்கள்.
ஆறு வாரப் பயிற்சி, சான்றிதழோடு.
பிறகு எல்லோரையும் அணைப்பதுபோல் கைவிரித்து
ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார்.
என் கொப்பியில் அதற்கு நேரே எழுதியிருப்பது
பங்குதாரர்.

சொல்லியிருக்கக் கூடாது.

முன்வரிசை நிமிர்ந்தது.
‘எங்கட பங்கு எவ்வளவு?’
‘கோயில் பங்கா? அதெண்டா சுவாமியிட்டக் கேளு.’
சிரிப்பு அடங்கும் முன்னே நஸீஹா எழும்பினாள்.
சவர்க்காரம் வெட்டிய கை,
இரண்டு விரலில் நகமில்லை.
‘மில் மூடக்குள்ள பதினாலு மாசம்
சேமலாப நிதி கட்டல்ல.
படத்தில அது எந்த நிறம்?’

கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.
ஆனாலும் ஆங்கிலத்தில் அது
சின்னக் கேள்வியாகத்தான் போய்ச் சேர்ந்தது.
அபேகோன் குறித்துக்கொண்டார்.
குறித்துக்கொள்வது அவருக்கு நன்றாக வரும்.

நிலத்தின் பெறுமதியைத் திறந்துவிடுவதே முதல் படி
என்று அவர் முடிக்க, நானும் முடிக்க,
பின்கதவடியில் நின்ற செபமாலை
சாரத்து மடியை அவிழ்த்து
மேசைக்கு வந்து வைத்தார்.
எண்ணெய் மில் கேற்றின் சாவி.
துருவில்லை. யாரோ எண்ணெய் போட்டு வந்திருக்கிறார்கள்.

‘திறக்கிறதெண்டா இது வேணுமே.
பூட்டிட்டு நில்லு, ஆள் வரும் எண்டாங்க.
பத்தொன்பது வருசம்.
எடுங்க. ஆனா துண்டு தரணும்,
கையெழுத்தோட.’

அபேகோன் ஆலோசகர், பொறுப்பேற்க முடியாது.
செயலகத்து உத்தியோகத்தர் அதிகாரசபையைப் பார்த்தார்.
அதிகாரசபை வங்கியின் கதிரையைப் பார்த்தது.
வங்கி வந்திருக்கவில்லை.
பத்தாண்டு மூலோபாயம், நாற்பத்தொரு படம்,
சாவியை வாங்க ஓர் ஆளில்லை.

என் பையில் முத்திரை எப்போதும் இருக்கும்.
வருகைத் தாளின் பின்பக்கம் கிழித்து எழுதினேன்:
‘சாவி ஒன்று. செபமாலையின் கையில்.
இன்று கொண்டுவந்து காட்டினார்.
உண்மையென அத்தாட்சிப்படுத்துகிறேன்.’
அதற்கு மேல் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு
அதிகாரமில்லை.
குத்தினேன். மை கொஞ்சம் கலங்கியது.

எழுத்துக்கூட்டி வாசித்தார்.
துண்டை நாலாய் மடித்தார்.
சாவியையும் திருப்பி எடுத்துக்கொண்டார்.
‘வரட்டும். பேர் உள்ள ஆள் வரட்டும்.’

அறிக்கை மூன்று மொழியிலும் நேற்றுப் போய்விட்டது.
பக்கம் ஒன்பது:
பங்குதாரர்கள் பொதுவாக ஆதரவு தெரிவித்தனர்.
அந்தச் சொல்லை நான் மாற்றவில்லை.
சொல்லுக்கு நாலு ரூபாய்.