ஒருவர்

கொக்கட்டிச்சோலையில் வலயமட்ட விவாதப் போட்டி.
மணியடிக்க ஆள் வரவில்லையென்று
மண்டபம் கூட்டிக்கொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டார்கள்.
மூன்றாம் நிமிடம் ஒன்று,
நாலாம் நிமிடம் இரண்டு.
தண்ணீர்ப் போத்தலுக்கும் புள்ளித்தாளுக்கும் நடுவில்
எனக்கொரு பிளாஸ்டிக் கதிரை.

கரும்பலகையில் தலைப்பு:
பெண்களும் கட்டாய இராணுவப் பதிவுக்கு
உட்படுத்தப்பட வேண்டும்.
'படுத்தப்பட' என்ற இடத்தில்
சோக்கட்டி முறிந்து எழுத்துத் தடித்திருந்தது.

இடது காது எனக்குக் கேட்காது.
எந்த இடத்தில் என்று சொல்லப்போனால் கதை நீளும்.
ஆதரிப்போர் அந்தப் பக்கம் இருந்தபடியால்
அவர்களை வாயசைவில்தான் படித்தேன்.

அபிவர்ணா. பதினேழு வயதிருக்கும்.
இரட்டைப் பின்னல், கழுத்துப்பட்டி நேர்.
வாக்கிலும் சொத்திலும் சமன் கேட்கிற நாங்கள்
சாவில் மட்டும் சலுகை கேட்கலாமா என்றாள்.
'சாவு' என்பதை அவளுடைய உதடுகள்
பிழையில்லாமல் எழுதின,
சொல்வதெழுதலில் வந்த சொல்லைப் போல.

எதிரணிப் பிள்ளை நல்ல காதுப் பக்கம்.
பெண்ணென்றால் பூ என்றாள், தாய் என்றாள்,
துவக்கின் பாரம் எங்கள் தோளுக்கு ஆகாது என்றாள்.
அதைவிடப் பாரமான உப்பட்டிக் கட்டைப்
பன்னிரண்டு வயதில் வட்டைக்குள் சுமந்தவள் நான்.
அப்போது ஒருத்தரும் என்னைப் பூ என்று சொல்லவில்லைகா.

எங்கள் வீட்டுக்கும் ஒரு பதிவு வந்தது.
வீட்டுக்கு ஒருவர்.
எவ்வளவு மரியாதையான சொல்!
ஒருவனும் இல்லை, ஒருத்தியும் இல்லை.
ஆண் பெண் பார்க்காத சமத்துவம்
ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில்
அம்பிளாந்துறைப் பக்கமிருந்து வந்தது.

அன்றிரவு அப்பா விளக்கைத் தணித்தார்.
அண்ணனுக்கு உயர்தரச் சோதனைக்கு ஐந்து மாதம்.
அக்காவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது.
தம்பிக்கு வலிப்பு.
என் பெயரை யாரும் சொல்லவில்லை.
சொல்லாமலே, சோறு ஆறுவதற்குள்,
'ஒருவர்' ஒருத்தி ஆகிவிட்டது.
அம்மா எனக்கு மட்டும் இரண்டாந்தரம் கறி போட்டாள்.
விரால் மீன். நடுத்துண்டு.

போய் அழுதேன் என்று மட்டும் சொன்னால் அது பாதி.
ட்ரக்டர் ஓட்டப் பழகினேன்.
எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லாமல்
இருட்டில் நடந்தேன்.
முடியை வெட்டிய அன்று பிடரியில் காற்றுப் பட்டது;
அது நல்லாயிருந்தது என்பதை
இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.
வீட்டுக்குப் போகவேணும் என்று கேட்ட அன்றுதான்
கதவுக்கு எந்தப் பக்கம் பூட்டு என்று தெரிந்தது.

பிறகு வேறொரு சீருடையின் மேசையில்
மாதா மாதம் கையெழுத்து.
அங்கேயும் கொப்பி, அங்கேயும் கோடு போட்ட நிரல்.
பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும்தான்
என் பெயரைப் பதியாமல் போனவர்கள்.

அபிவர்ணா தொகுத்துப் பேசுகிறாள்.
ஒன்று அடித்தேன்.
பட்டியலில் எங்கள் பெயர் இல்லையென்றால்
முடிவெடுக்கிற மேசையிலும் எங்களுக்கு இடமில்லை, என்கிறாள்.
இல்லை புள்ள,
பெயர் பட்டியலில் இருந்தது,
மேசை அப்பாவிடம் இருந்தது
என்று சொல்ல வாய் வந்து, கை மணிக்குப் போனது.
முள் நாலைத் தாண்டி, ஐந்துக்குக் கிட்டவும் வந்துவிட்டது.
நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
இரண்டு அடித்தேன். மூன்றாவதும் விழுந்தது.
கை தவறிவிட்டது சேர், என்றேன்.

இரண்டு புள்ளியால் ஆதரித்தவர்கள் வென்றார்கள்.
பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தபோது
இடப்பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டாள் அபிவர்ணா.
இந்தக் காது கேட்காது புள்ள, என்றேன்,
தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு.

கோப்பையோடு சுற்றி வந்து
மற்றப் பக்கம் நின்றாள்.
"அன்ரி, நீங்க என்ன சொல்றீங்க?"