கடைசியாகத் தெரிந்த நல்ல நிலை

மார்கழி ஆறாம் திகதி, விடியப்புறம் மூன்று நாற்பது.
பதினொரு மணித்தியாலம் செத்துக் கிடந்த கரண்ட் வந்தது.
இத்திமடுக் குளத்தின் துருசடியில்
நான் எழுதிய பெட்டி கண் விழித்தது.
நினைவைத் தட்டிப் பார்த்தது:
கடைசியாகத் தெரிந்த நல்ல நிலை,
திறப்பு இரண்டு அடி.
காய்ந்த கார்த்திகைக்கு வைத்த அளவு.
பழைய குருடி, கதவைத் திறடி.
திறந்தது.

இடையில் மழை வந்ததை
அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.
முன்னிரவே கோகுலராஜ், டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி,
கைச்சில்லைச் சுற்றிச் சுற்றிக் கதவை இறக்கியதையும்.
அவன் மூடியதை அது திருத்தியது.
விளிம்பு தட்டி நின்ற வாய்க்கால்
மூன்றாம் மதகடியில் உடைத்தது.
சிவசோதியின் நாலு ஏக்கர்,
முளைத்துப் பதினெட்டே நாள்.

கிளிநொச்சியிலிருந்து மல்டிமீற்றரோடு போனேன்.
மானி சரி. மோட்டார் சரி. ரிலே சரி.
ஒரு வயர்கூடக் கழரவில்லை.
பழுதான சாமான் ஒன்றாவது கிடைத்தால்
கையில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம் என்று
மத்தியானம் வரை தேடினேன்.
எல்லாம் சொன்னபடி செய்திருந்தன.
சொன்னது நான்.

கமக்காரர் கூட்டத்தில் சிவசோதி எழும்பி
ஒன்றுதான் கேட்டாள்:
"உங்கட பெட்டி கண்ணைத் திறக்க முதல்
கதவைத் திறக்குமோ?"
ஏழு வருஷம் முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவள்.
முழங்காலில் நின்று ஒரு சாண் துழாவி,
அந்தச் சாண் சரியென்றால் மட்டும்
கட்டையை முன்னால் நகர்த்தி வைத்தவள்.
நட்டஈட்டைப் பிறகு பேசினாள், கறாராக.

அன்றிரவு விடுதியில்
நுளம்புத்திரிப் புகைக்குள் அழித்தெழுதினேன்.

விழித்தால் முதலில் ஒன்றும் செய்யாதே.
நினைவில் இருப்பதை வாசி, நம்பாதே.
கதவு எங்கே நிற்கிறது, பார்.
நீ நிறுத்தாத இடத்தில் நின்றால்
யாரோ வந்து போயிருக்கிறார்கள்.
அவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.
மூன்று மானியில் இரண்டாவது ஒத்துப்போகட்டும்.
ஒரு மணித்தியாலம் ஒரே இலக்கம் காட்டுவதை ஒதுக்கு.
குளம் அப்படி அசையாமல் இராது,
உள்ளே குளவி கூடு கட்டியிருக்கும்.
பிறகு நாலு விரற்கடை திற.
பொறு. வாய்க்காலைப் பார்.
பிறகு நாலு விரற்கடை.
ஒன்றும் விளங்காவிட்டால் நில்,
கோகுலராஜைக் கூப்பிடு.
எடுக்காவிட்டால் ஒரு நிமிஷம் விட்டு, இரண்டு விட்டு, நாலு விட்டு.
அவன் வீட்டில் சிக்னல் இல்லை,
குளக்கட்டு வளைவில் மட்டும் இரண்டு கோடு.

கைச்சில்லைக் கழற்றிவிடலாம் என்று
முதல் வரைபடத்தில் எழுதியிருந்தேன்.
அந்த வரியை வெட்டினேன்.
பிழைப் பட்டியலில்
'மனிதத் தலையீடு' என்று ஒன்பதாவதாக இருந்தவனையும்.

தவறுவதற்கும் தப்பி வாழ்வதற்கும்
பிழைத்தல் என்று ஒரே சொல்லை வைத்த மொழிக்காரி,
அதை அகராதியில் அல்ல,
அந்த நாலு ஏக்கர்ச் சேற்றில் கால் புதைய நின்றபோதுதான்
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
சிவசோதி மறுபடி விதைத்திருந்தாள்,
குறுகிய வயது நெல்.

தை மூன்றாம் திகதிப் பதிவேடு:

02.51 கரண்ட் இல்லை.
04.17 வந்தது.
நினைவில்: ஒன்றரை அடி.
கதவில்: முக்கால் அடி.
நான் வைத்ததல்ல.
04.18 அழைத்தேன். எடுக்கவில்லை.
04.19 எடுக்கவில்லை.
04.21 எடுக்கவில்லை.
04.25 "ஓம், நான்தான் இறக்கினது.
கட்டிலதான் நிக்கிறன். விடு."