விளங்கவில்லை, 31:07

நிமிடத்துக்கு இரண்டரை திர்ஹம்.
விஞ்ஞானிகள் பேசுவார்கள், நான் தட்டச்சு செய்வேன்.
ஷார்ஜா, அல் காஸிமியா, நாலாவது மாடி,
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் மேசை.

விதிகள் ஒரு பக்கத்துக்கு:
இருமலை எழுத வேண்டாம்.
'ம்', 'வந்து', 'அதாவது' வேண்டாம்.
பேட்டியில் இல்லாத குரல் குறுக்கிட்டால்
'விளங்கவில்லை' என்று போட்டு நேரத்தைக் குறிக்கவும்.

போன மாதம், மணல் துகளைப் பார்த்து
காற்றின் வயதைச் சொல்லும் ஒருவர்.
அதற்கு முன் ஒட்டகப் பாலில் ஏதோ புரதம்;
அவர் பேசியதைவிடச் சிரித்தது அதிகம்.
சிரித்த நிமிடங்களுக்கும் காசு உண்டு.

இந்த வாரம் டாக்டர் மைத்தா அல் ஹம்மாதி.
தல்மா தீவுக்கு வடக்கே, பவளத் திட்டின் மேல்
ஒலிவாங்கியைக் கயிற்றில் இறக்கி
மூன்று கோடை கேட்டிருக்கிறார்.
"உயிருள்ள திட்டு சும்மா இருக்காது.
விரல்நீள இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும்,
ஆயிரக்கணக்கில், ராத்திரி முழுக்க."
அதைப் போட்டும் காட்டினார்.
ஹெட்ஃபோனுக்குள்
காய்ந்த எண்ணெயில் கடுகு.

"தண்ணீர் கொதித்தால் பவளம் வெளுக்கும், பழைய செய்தி.
வெளுப்பதற்கு ஒன்பது நாள் முன்பே
இந்தச் சத்தம் குறைகிறது. அதுதான் புதுசு."
எப்போது தெரிந்தது, என்கிறாள் பேட்டி எடுப்பவள்.
"நவம்பரில். ஆய்வகத்தில், வரைபடத்தில்.
நம்பவில்லை. பதினொரு முறை கேட்டேன்.
கேட்க ஆசைப்படுவதைத்தான் கேட்கிறேனோ
என்று பயம்."

பிறகு ஆகஸ்டில் படகுத் தளத்தில் பதிந்ததை ஓடவிட்டார்.
எஞ்சின். கயிறு உரசல்.
ஸ்பீக்கரில் கடுகு, அங்கொன்றும் இங்கொன்றும்.
முப்பத்தொன்றாம் நிமிடம் ஏழாம் நொடி
பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், தமிழில்:

மேடம், பொரியுறது நின்னுட்டுல்லா.

"ஓகே சில்வா, ஓகே" என்கிறார் அன்றைய மைத்தா.
இன்றைய மைத்தா அதன்மேலேயே பேசிக்கொண்டு போகிறார்.

கை நின்றது.
விதிப்படி ஒரே சொல். மூன்று நொடி வேலை.
திருப்பி ஓட்டினேன்.
'நின்னுட்டுல்லா' தூத்துக்குடிப் பக்கம்.
சில்வா, ஒருவேளை சிலுவையாக இருக்கலாம்.
ஆனால் பொரியுறதா, புரியுறதா?
எஞ்சின் அந்த முதல் எழுத்தை மட்டும் தின்றுவிடுகிறது.
பொரிவது நின்றதென்றால்
வரைபடத்துக்கு மூன்று மாதம் முன்பே
கண்டுபிடிப்பு படகில் நடந்துவிட்டது.
புரிவது நின்றதென்றால்
வெயிலில் தலைசுற்றிய ஒருவன்
மேடத்தின் ஆங்கிலம் பிடிபடாமல் சொன்னது.
எனக்குப் பொரிய வேண்டும்.
அதனாலேயே சந்தேகமாக இருந்தது.

பதினொரு முறை கேட்டேன்.
ஏழு முறை பொ. மூன்று முறை பு.
ஒரு முறை வாளியில் சொட்டிய தண்ணீர்.

விளங்கவில்லை என்று போடவில்லை.
அவர் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் அடித்து,
கீழே அர்த்தம் எழுதி,
முதல் எழுத்தின் பக்கத்தில் கேள்விக்குறி வைத்து அனுப்பினேன்.

மறுநாள் பதில், அலுவலகம் வழியாக, மைத்தாவிடமிருந்து:
சில்வாவின் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிந்தது.
எண் மாறிவிட்டது. தேடச் சொல்லியிருக்கிறேன்.
அன்றைக்கு அவர் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.
அந்தச் சொல், எண்ணெயில் விழுந்த எதைச் சொல்வது?

கடுகு என்று எழுதினேன்.
அவருக்கு விளங்கியதா தெரியாது.

பில்: நாற்பத்தேழு நிமிடம்.
நூற்றுப் பதினேழு திர்ஹம் ஐம்பது ஃபில்ஸ்.
திருப்பிக் கேட்டதற்குக் கணக்கு இல்லை.