பாதிச் சீட்டு

வியாழக்கிழமைகளில் பத்து மணிக்கு வருவார் எவரிஸ்டோ.
போர்ட்டோ நகரில் முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவர்.
நாற்காலியில் உட்கார்ந்த பிறகும்
இடதுகை மட்டும் எதையோ திருகிக்கொண்டிருக்கும்.

பேனா கூடாது, பென்சில் மட்டும்.
பை வெளியே இருக்கட்டும்.
தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.
ஒருமுறைதான் சொன்னேன்.

காப்பகத்தில் பெட்டி எடுத்துக் கொடுப்பவள் நான்.
வருகிற எல்லோருக்கும் ஒரு பிரபு வேண்டும்.
கிடைப்பதென்னவோ
கழுதை வாங்கிய கடன், அம்மைச் சாவு,
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக் குறி.

எவரிஸ்டோவின் அப்பா சொல்லியிருந்தாராம்:
நம் பழைய வீட்டு வாசலுக்கு மேலே
கல்லில் ஒரு கேடயம் உண்டு, அதில் இரண்டு ஓநாய்.
அந்த ஓநாய்களைத் தேடித்தான்
ஞானஸ்நானப் பதிவேடுகளில் பின்னோக்கி ஓட்டினார்:
அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா,
ஒவ்வொரு நிறுத்தமாக.

1843-ல் தண்டவாளம் முடிந்துவிட்டது.

ஜூன் பத்தொன்பது. இரவு இரண்டு மணி.
மருத்துவமனைச் சுவரின் சுழல்பெட்டி திரும்பியது, மணி அடித்தது.
உள்ளே ஆண் குழந்தை. பிறந்து நான்கு நாள் இருக்கும்.
பழந்துணிச் சட்டை, ஒரு கை கிழிசல்.
கழுத்தில் பச்சை நாடா, நாடாவில் பாதிச் சீட்டு.
நிறைய அழுகிறான்.
அன்றைய புனிதரின் பெயரே அவனுக்கும்: ஜெர்வாசியோ.

பெற்றோர் என்ற இடத்தில்
எழுத்தர் ஒரு கோடு இழுத்திருந்தார்.
நேராகக்கூட இல்லை. தூக்கக் கலக்கம்.

சீட்டு இன்னும் அங்கேயே குத்தியிருந்தது.
குண்டூசியின் துரு
அடுத்த பக்கத்திலும் அதற்கடுத்ததிலும் ஒரு பழுப்புப் பொட்டு.
கோப்பை ஏந்திய கை மட்டும் இருக்கிறது.
கைக்குரிய ஆள் மறுபாதியில்.

"மறுபாதி?"
அம்மாவிடம் இருந்திருக்கும்.
திரும்பக் கேட்டு வந்தால் பொருத்திப் பார்க்க.
"வந்தாளா?"
வந்திருந்தால் இங்கே இரண்டும் இருக்கும்.

தொடக்கூடாது என்பது விதி.
நான் ஜன்னலைச் சாத்தப் போனேன்.
அது சாத்தியேதான் இருந்தது.

அடுத்த வியாழன் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன்.
ஓநாய் கிடைக்காதவர்கள் வருவதில்லை.
பத்து மணி. சொட்டும் குடை.
"பால் கொடுத்தவளின் கணக்கு இருக்குமா?"

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.
ஏணி போட வேண்டியிருந்தது.

பெனாஃபியெல் பக்கத்து மலைக்கிராமம்.
யூஃப்ராசியா, கல் உடைப்பவனின் மனைவி.
மாதக்கூலி வந்தது, வந்தது,
ஒரு குளிர்காலம் முழுக்கப் பாக்கி, பிறகு வந்தது.
ஏழாம் வயதோடு கூலி நிற்கும்,
பையனைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்.
அந்த வரியில் மை வேறு, கையும் வேறு:
*வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு
பையன் தன்னிடமே இருக்கட்டும், காசு வேண்டாம் என்கிறாள்.*

எவரிஸ்டோ அதை மூன்று முறை படித்தார்,
கடைசித் தடவை வாய்விட்டு.
வாசிப்பறையில் பேசக்கூடாது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு தன் வம்சப் படத்தை விரித்தார்.
உச்சியில் இடம்விட்டு வரைந்து வைத்திருந்த
இரண்டு ஓநாய்களை ரப்பரால் அழித்தார்.
பென்சில் மட்டும் என்றது நல்லதாய்ப் போயிற்று.
யூஃப்ராசியா என்று எழுதி,
குழந்தையை வாங்கிய அன்று அவள் போட்ட சிலுவைக் குறியை
பார்த்துப் பார்த்துப் பக்கத்தில் போட்டார்,
கோணலையும் சேர்த்து.
இடதுகை சும்மா இருந்தது.

ஆறு மணிக்குப் பெட்டிகளைத் திரும்ப அடுக்கினேன்.
என் குடும்பப் பெயர் தோஸ் சாந்தோஸ்.
எல்லாப் புனிதர்களுக்கும் சொந்தம் என்று பொருள்.
குறிப்பாக யாருக்கும் இல்லாதவர்களுக்கும்
எழுத்தர்கள் அதைக் கொடுப்பதுண்டு.
1851 எந்தத் தட்டில் இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
அதை மட்டும்
கொஞ்சம் வேகமாகத் துடைப்பேன்.